ஹைப்ரிட் காரின் மைலேஜ்: எந்த ரோட்டில், எந்த வேகத்தில்?

பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் கார்தான் ஹைப்ரிட். அந்த வகையில் டொயோட்டா அக்வா என்ற சின்ன காரை இலங்கையில் தெரியாதவர்கள் குறைவு. 2011 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதற்கு இரண்டு மைலேஜ் எண்கள் சொல்லப்பட்டன. பழைய 10-15 சோதனை முறைப்படி லிட்டருக்கு 40 கி.மீ. அப்போது புதிதாக வந்திருந்த ஜேசி08 முறைப்படி 35.4 கி.மீ. சில மாதங்களில் அதே கார் பிரியஸ் சி என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே அரசு அமைப்பான இபிஏ அதற்குக் கொடுத்த எண் கேலனுக்கு 50 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 21.3 கி.மீ.

அதே 1.5 லிட்டர் இன்ஜின், அதே வகை பேட்டரி. ஆனால் 40, 35.4, 21.3 என்று மூன்று எண்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. மூன்றும் முறையாக அளந்து எடுத்தவைதான். மாறியது காரை ஓட்டிய விதம். 10-15 முறையில் உச்ச வேகமே 70 கி.மீ.தான். ஜேசி08-ல் அது 82-ஐத் தொடும். அமெரிக்கச் சோதனையில் ஒரு கட்டத்தில் கார் கிட்டத்தட்ட 130 கி.மீ. வேகம் வரை போகும், இன்னொரு கட்டத்தில் 35 டிகிரி வெயிலில் ஏசி போட்டு ஓடும், வேறொன்றில் மைனஸ் 7 டிகிரி குளிரில் ஓடும். இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த 50 மைல்.

சாதாரண பெட்ரோல் காரிலும் சோதனைக்குச் சோதனை எண் மாறும். ஆனால் ஹைப்ரிட்டில் மாறுகிற அளவுக்கு மாறாது. அது ஏன் என்று புரிந்தால், நம் ஊரில், நம் ரோட்டில் ஒரு ஹைப்ரிட் என்ன தரும் என்பதை ஷோரூமில் யாரையும் கேட்காமலே ஓரளவு கணிக்கலாம். நான் ஹைப்ரிட் எஸ்யூவி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி "என்ன மைலேஜ் தருது?" என்பதுதான். ஒற்றை எண்ணில் பதில் சொல்வது சரியில்லை என்று தோன்றியதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நம் நாட்டுச் சோதனையைப் பார்ப்போம். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டும் 2022-ல் வந்தன. இரண்டுமே பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதி ஆலையில் தயாரானவை. இவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (மோட்டார் தனியாகவும் காரை இழுக்கும் வகை) மாடலுக்கு அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ. இது சாலையில் ஓட்டி எடுத்த எண் இல்லை. ஆய்வுக்கூடத்தில் சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, இந்தியாவுக்கென்று வகுத்த ஓட்டுச் சுழற்சிப்படி ஓட்டுவார்கள். மொத்தம் 1,180 விநாடி, அதாவது இருபது நிமிடத்துக்கும் குறைவு. தூரம் 10.6 கி.மீ. முதல் பகுதிக்கு நகர ஓட்டம் என்று பெயர். அதில் வேகம் 50-ஐத் தாண்டாது. இரண்டாவது பகுதி நகரத்துக்கு வெளியே ஓட்டுவது போல; அதிலும் 90-ஐத் தாண்டாது. ஏசி போடுவதில்லை.

இந்தச் சுழற்சி பழைய ஐரோப்பிய முறையிலிருந்து வந்தது. அதில் கார் நின்ற இடத்திலிருந்து 50 கி.மீ. வேகத்தை எட்ட 26 விநாடி எடுத்துக்கொள்கிறது. சென்னையில் பச்சை விழுந்த பிறகு 26 விநாடி எடுத்து 50-க்கு வந்தால் பின்னால் இருக்கும் மாநகரப் பேருந்து ஹாரனிலிருந்து கையை எடுக்காது. அப்புறம், சோதனை நேரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு கார் சும்மா நிற்கிறது. ஹைப்ரிட்டில் அந்த நேரம் முழுக்க இன்ஜின் அணைந்திருக்கும். மெதுவாக எடுப்பது, நீண்ட பிரேக், நிறைய நிற்பது, ஏசி இல்லாமல் ஓடுவது என ஹைப்ரிட்டுக்குப் பிடித்த எல்லாமே இந்தச் சோதனையில் இருக்கிறது. அதனால்தான் ஹைப்ரிட்டின் சோதனை எண்ணுக்கும் சாலை எண்ணுக்கும் நடுவே இடைவெளி பெரிதாகத் தெரிகிறது.

இந்த இடைவெளி கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. 2006-ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் வாங்கிய கலிஃபோர்னியா பெண் ஒருவர், கேலனுக்கு 50 மைல் என்று சொன்னார்கள், எனக்கு 30-ஐ ஒட்டித்தான் கிடைக்கிறது என்று சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனார். 2012 பிப்ரவரியில் அவருக்கு 9,867 டாலர் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மே மாதம் மேல்முறையீட்டில் அது ரத்தானது. விளம்பரத்தில் இருந்தது அரசு சோதனை எண் என்பது நிறுவனத்தின் வாதம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2008 மாடல் கார்களிலிருந்து, இபிஏ தன் சோதனையைக் கடுமையாக்கியிருந்தது. அந்த மாற்றத்தில் அப்போதைய பிரியஸின் எண் 55 மைலிலிருந்து 46-க்கு இறங்கியது. காரில் ஒரு திருகுகூட மாறவில்லை.

சரி, ஹைப்ரிட் பெட்ரோலை எங்கிருந்து மிச்சம் பிடிக்கிறது? இதைப் புரிந்துகொள்ள சாதாரண கார் எங்கே பெட்ரோலை வீணடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தி, நம் வீட்டு கரண்ட் பில் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 9 யூனிட். அதில் பெரும்பகுதி இன்ஜின் சூடாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது. நான்கில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும். ஊர்ந்து போகும்போது அதுவும் வராது; பெட்ரோல் இன்ஜின் குறைந்த சுமையில் ரொம்ப மோசமாக வேலை செய்யும்.

இப்படி வந்து சேர்ந்த கொஞ்சத்தையும் நாம் பிரேக்கில் கொட்டுகிறோம். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் ஓட்டத்தில் இருக்கும் சக்தி 0.04 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. கேட்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் அந்த வேகத்தைக் கொடுக்க இன்ஜின் சுமார் 15 மில்லி பெட்ரோல் குடித்திருக்கும். சிக்னலில் பிரேக் மிதித்தால் அந்த 15 மில்லியும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றில் போகிறது. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் இருபது முறை இப்படி நின்றால் 300 மில்லி. நின்ற இடத்தில் ஏசியோடு இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிச் செலவாகும். எல்லா சிக்னலும் சேர்த்து இருபது நிமிடம் நின்றால் இன்னொரு 300 மில்லி. பதினைந்து கிலோமீட்டர் பயணத்துக்கு மொத்தமே ஒரு லிட்டர் சொச்சம்தான் ஆகும் என்னும்போது, இந்த இரண்டும் எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள்.

ஹைப்ரிட் கை வைப்பது இந்த இரண்டு இடத்திலும், அந்த ஊர்ந்து போகும் நேரத்திலும்தான். பிரேக் மிதிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஓட்டச் சக்தியில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நின்றால் இன்ஜின் அணைகிறது. ஊர்ந்தால் மோட்டாரே இழுக்கிறது. இன்ஜின் ஓடும்போது அதற்கு வசதியான சுமையில் ஓட வைக்கிறது. அதிகமாக வரும் சக்தியைப் பேட்டரியில் போட்டு வைக்கிறது. இந்த இன்ஜின்கள் அட்கின்சன் முறையில் வேலை செய்பவை. இழுவை குறைவு, சிக்கனம் அதிகம். ஹைரைடரின் இன்ஜின் 92 குதிரைத்திறன்தான். அதற்குத் தோள் கொடுக்க மோட்டார் இருப்பதால் அது போதுமானதாக இருக்கிறது.

சென்னையில் மெட்ரோ ரயில் வேலை நடக்கும் ஓ.எம்.ஆர் சாலையில் சாயங்காலம் ஏழு மணிக்கு நிற்கும்போது இதைக் கண்ணால் பார்க்கலாம். துரைப்பாக்கத்துக்கு முன்னால் வண்டி நிற்கிறது. இன்ஜின் சத்தம் இல்லை. ஏசி காற்றின் ஓசை மட்டும். திரையில் பேட்டரிப் படத்தில் ஆறு கோடு இருக்கிறது. பத்தடி நகர்கிறோம், நிற்கிறோம், இருபதடி நகர்கிறோம். கோடு ஐந்தாகிறது, நான்காகிறது. பக்கத்தில் நிற்கும் கார்களின் இன்ஜின் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இரண்டு கோடுக்கு வந்ததும் லேசான ஒரு அதிர்வு. இன்ஜின் எழுந்து, நின்ற இடத்திலேயே சில நிமிடம் ஓடிப் பேட்டரியை ஏற்றிவிட்டு மறுபடி அணைகிறது. முதல் தடவை ஏதோ கோளாறு என்று நினைப்பவர்கள் உண்டு. கோளாறு இல்லை. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 0.76 யூனிட்டுதான். முக்கால் யூனிட்! அதையும் பேட்டரி ஆயுளுக்காக முழுவதும் காலி செய்ய விடமாட்டார்கள். மே மாத வெயிலில் ஏசி அதைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடும்.

ஏசியைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் சோதனை எண்ணுக்கும் நமக்குக் கிடைக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இதற்குத்தான். ஏசி பெட்ரோல் சாப்பிடுவது ஓடிய தூரத்தைப் பொறுத்து இல்லை, ஓடிய நேரத்தைப் பொறுத்து. ஹைப்ரிட்டில் ஏசி கம்ப்ரசர் கரண்டில் ஓடுகிறது. அந்தக் கரண்ட் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தால், அதற்கு மூன்றில் ஒரு லிட்டர் பெட்ரோல். மணிக்கு 60 கி.மீ. சராசரியில் போகிறவருக்கு அந்தச் செலவு 60 கிலோமீட்டரில் பிரிந்துவிடும், பெரிதாகத் தெரியாது. நெரிசலில் 20 சராசரியில் போகிறவருக்கு அது 20 கிலோமீட்டர் தலையில் விழுகிறது. ஏசி இல்லாமல் 22 தரும் கார், இந்தக் கணக்குப்படி 16-க்கு வந்துவிடும். "டிராஃபிக்ல ஹைப்ரிட் நல்லா தரும்னாங்களே, எனக்கு 16-தான் வருது" என்று வருத்தப்படுகிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதே ரோட்டில் அதே ஏசியோடு சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 9, 10 தரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டொரொண்டோவில் இருக்கும் உறவினர்களுக்கு இதே கதை தலைகீழாக நடக்கும். அங்கே ஜனவரியில் காருக்குள் சூடு வேண்டும். சூடு இன்ஜினிலிருந்து வருகிறது. அதனால் சிக்னலில்கூட இன்ஜின் அணையாது. கோடையில் நன்றாகத் தந்த கார் குளிரில் சட்டென்று இறங்குவது அதனால்தான்.

இனி ஹைவே. நகரம், ஹைவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே காரில் பார்க்க 2023 டொயோட்டா கரோலா நல்ல உதாரணம். பெட்ரோல், ஹைப்ரிட் இரண்டையும் இபிஏ ஒரே முறையில் அளந்திருக்கிறது. நகரத்தில் பெட்ரோல் மாடல் லிட்டருக்கு 13.6 கி.மீ., ஹைப்ரிட் 22.5 கி.மீ. ஹைவேயில் பெட்ரோல் 17.4, ஹைப்ரிட் 19.6. கவனியுங்கள்: பெட்ரோல் கார் ஹைவேயில் நன்றாகத் தருகிறது, ஹைப்ரிட் நகரத்தில் நன்றாகத் தருகிறது. 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் மிச்சம் என்று பார்த்தால், நகரத்தில் 2.9 லிட்டர், ஹைவேயில் 0.6 லிட்டர். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வித்தியாசம்.

காரணம் மேலே சொன்னதிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சிக்கு நான்கு வழிச்சாலையில் 100-லேயே போனால் பிரேக் எங்கே மிதிக்கிறோம்? டோல்கேட்டில், ஊர் பிரிவுகளில். திருப்பிப் பிடிக்க எதுவும் இல்லை. நிற்பதும் இல்லை. இன்ஜின் அந்த வேகத்தில் ஓரளவு நல்ல சுமையிலேயே ஓடுகிறது. செலவெல்லாம் காற்றைத் தள்ளுவதற்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறும்: 80-லிருந்து 120-க்குப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைத் தள்ளும் செலவு இரண்டேகால் மடங்கு. காற்றிடம் கொடுத்ததை எந்த மோட்டாராலும் திரும்ப வாங்க முடியாது. டொயோட்டாவின் அமைப்பில் இன்ஜின் சக்தியில் ஒரு பகுதி கரண்டாகி மறுபடி இழுவையாக மாறுவதால், அந்த வழியில் கொஞ்சம் இழப்பும் உண்டு. ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டில் ஹைவே வேகத்தில் ஒரு கிளட்ச் விழுந்து இன்ஜின் நேராகச் சக்கரத்தோடு சேர்ந்துகொள்ளும். அந்த இழப்பைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடு அது. என் வண்டியில் 80-ஐத் தாண்டாமல் போன நாளில் 23 வந்திருக்கிறது. 110-ல் போன நாளில் 17. அதே ரோடு, அதே மூன்று பேர்.

மலைப்பாதையில் வேறு விதமான ஏமாற்றம் காத்திருக்கிறது. ஊட்டிக்கு ஏறும்போது பெட்ரோல் போனாலும், இறங்கும்போது எல்லாம் பேட்டரியில் திரும்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். 1,400 கிலோ காரை அவ்வளவு உயரத்திலிருந்து இறக்கினால் கிடைக்கும் சக்தி 7 யூனிட்டுக்கு மேல். பேட்டரி பிடிப்பதோ முக்கால் யூனிட். இழப்பே இல்லாமல் எல்லாவற்றையும் பிடித்தாலும், காலிப் பேட்டரி முழுதாக நிறைய 200 மீட்டர் இறக்கம் போதும். அதாவது ஊட்டியை விட்டுக் கிளம்பி குன்னூர் வருவதற்குள்ளேயே பேட்டரி நிறைந்துவிடும். அங்கிருந்து பர்லியாறு, கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையம் வரைக்கும் உள்ள பெரிய இறக்கம் முழுவதும் பேட்டரிக்கு ஒரு பயனும் இல்லை. அப்போது கார் பெட்ரோல் இல்லாமலேயே இன்ஜினைச் சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும், இன்ஜின் உறுமும். பேட்டரி நிறைந்த பிறகு மோட்டாரின் பிடி குறைவதால், கியர் லீவரை 'B' என்று எழுதியிருக்கும் நிலையில் (நிறுத்துவதற்கான 'P' இல்லை) போட்டு இறங்குவது பிரேக் சூடாகாமல் காப்பாற்றும். இதை ஒவ்வொரு ஹைப்ரிட் ஓட்டுநரும் கொண்டை ஊசி வளைவுக்குப் போகுமுன் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இது மைலேஜைவிட முக்கியமானது.

ஹைப்ரிட்டில் ஓட்டும் பழக்கமும் எண்ணை மாற்றும். புதிதாக வாங்கியவர்கள் மோட்டார் மட்டும் இழுக்கும்போது திரையில் எரியும் பச்சை 'இவி' விளக்கின் மேல் ஆசை வைத்துவிடுவார்கள். அது அணையக் கூடாது என்று ஆக்சிலரேட்டரை முட்டை ஓட்டின் மேல் வைப்பது போல மிதித்து, 15, 20 என்று ஊர்வார்கள். நானும் முதல் மாதம் அப்படித்தான் ஓட்டினேன், எண் ஏறவில்லை. பேட்டரியில் உள்ள கரண்டில் பிரேக்கில் பிடித்தது போக மீதி எல்லாம் பெட்ரோலை எரித்து உண்டாக்கியது. பெட்ரோலைக் கரண்டாக்கி, பேட்டரியில் ஏற்றி, இறக்கி, மறுபடி இழுவையாக்கும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கரையும். இன்ஜினைத் தூங்கவைத்துப் பேட்டரியைக் காலி செய்தால், பிறகு சிக்னலில் நிற்கும்போது அது எழுந்து அந்தக் கடனை வட்டியோடு அடைக்கும். எடுக்கும்போது இன்ஜின் வந்தால் வரட்டும் என்று இயல்பாக எடுத்து, 40, 50-க்கு வந்த பிறகு காலை லேசாகத் தளர்த்தினால் இன்ஜின் தானாக அணையும். அந்த வேகத்தை மோட்டார் சுலபமாகத் தாங்கும். அதுதான் இந்தக் காருக்கு ஒத்துவரும் ஓட்டம்.

பிரேக்கில்தான் நிஜமான லாபம். தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே காலை எடுத்து, நீளமாக, மெதுவாக மிதிக்க வேண்டும். கடைசி நேரத்தில் அழுத்தி மிதித்தால் மோட்டாரால் பிடிக்க முடிந்த அளவைத் தாண்டிய பங்கு சாதாரண பிரேக் தட்டுக்குப் போய்விடும்.

டொயோட்டா தன் ஹைப்ரிட் கார்களைப் பற்றி இந்தியாவில் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: சோதனையில் தூரத்தில் 40 சதவீதமும் நேரத்தில் 60 சதவீதமும் இன்ஜின் இல்லாமல் ஓடியது என்று. இரண்டும் ஒன்றல்ல. நின்றுகொண்டிருக்கும் நேரமும் அந்த 60-க்குள் வருகிறது. பயணம் முடிந்ததும் திரையில் "இவி 65%" என்று காட்டினால், மூன்றில் இரண்டு பங்கு பெட்ரோல் மிச்சமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அளப்பது எப்படி? மீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் நம்பினால் போதாது. என் வண்டியில் அது வழக்கமாக ஒன்று, ஒன்றரை கூடுதலாகவே காட்டுகிறது. நான் செய்வது பழைய முறைதான். ஒரே பங்க், முடிந்தவரை ஒரே பம்ப். முதல் முறை ஆட்டோ கட் ஆனதும் போதும், அதற்கு மேல் ரவுண்டாக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவிடுவேன். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த முறை 400, 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே பங்கில் அதே ஆட்டோ கட் வரைக்கும். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் எண் வந்துவிடும். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டரில் அளந்தால், ஆட்டோ கட் அரை லிட்டர் முன்னே பின்னே ஆனாலே கணக்குக் கெட்டுவிடும். குறைந்தது நான்கைந்து டேங்க் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் எண் தெரியும். டேஷ்போர்டு பெட்டியில் சின்ன நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் தேதி, கிலோமீட்டர், லிட்டரோடு 'ஊருக்குள்', 'ஹைவே', 'மழை' என்று ஒரு வார்த்தையும் எழுதுவேன். அந்த ஒரு வார்த்தைதான் பிறகு எண்ணைவிட அதிகம் விளக்கியது.

எத்தனால் கலந்த பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால், சுத்தமான பெட்ரோலோடு ஒப்பிட லிட்டருக்குக் கிட்டத்தட்ட 7 சதவீதச் சக்தி குறைகிறது. பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 10 சதவீதக் கலவைக்கு வடிவமைத்து 20 சதவீதத்துக்கு ஏற்பச் சரிப்படுத்திய கார்களில் 1, 2 சதவீதம்தான் என்றது. ஹைப்ரிட்டுக்கு இதிலிருந்து விலக்கு இல்லை.

காசுக் கணக்குக்கு வருவோம். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசுவதே நம்மைக் கொஞ்சம் தடுமாற வைக்கிறது. 10 தரும் காரை விட்டு 15 தரும் காருக்கு மாறினால் 100 கிலோமீட்டருக்கு 3.3 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 25-க்குப் போனால் ஒரே ஒரு லிட்டர்தான் மிச்சம். இரண்டும் 'ஐந்து கூடுதல்' என்றுதான் காதில் விழுகிறது. ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று சொல்லும் வழக்கம் இந்த விஷயத்தில் நேர்மையானது.

மேலே சொன்ன கரோலா எண்களையே எடுத்து, பெட்ரோல் 100 ரூபாய், ஹைப்ரிட்டுக்குக் கூடுதல் விலை இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கி.மீ. நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு மாதம் 2,900 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்ப ஏழு வருஷம் ஆகும். அதே 1,000 ஹைவேயில் என்றால் மிச்சம் 640 ரூபாய். முப்பது வருஷத்துக்கும் மேல். மாதம் 2,500 கி.மீ. ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு மூன்று வருஷத்துக்குள் வந்துவிடும். ஹைப்ரிட்டின் அமைதி, சுகமான ஓட்டம், நெரிசலில் காலுக்குக் கிடைக்கும் ஓய்வு இவற்றுக்கு என்ன விலை போடுவது என்பது அவரவர் விருப்பம்; நான் அதற்கு நல்ல விலை போடுவேன். ஆனால் அதை மைலேஜ் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வாங்கப் போகிறவர்கள் பெயரைக் கவனிக்க வேண்டும். பின்கதவில் 'ஹைப்ரிட்' என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மைல்டு ஹைப்ரிட்டில் இருப்பது சின்ன உதவி மோட்டார். காரைத் தனியாக இழுக்காது. ஒரே கிராண்ட் விட்டாராவில் மைல்டு ஹைப்ரிட் மேனுவலுக்கு அறிவித்த எண் 21.11, ஸ்ட்ராங்குக்கு 27.97. செருகி சார்ஜ் ஏற்றும் ப்ளக்-இன் ஹைப்ரிட் வேறு ஜாதி. 2021-ல் பதிவான சுமார் ஆறு லட்சம் கார்களின் உள் கணினியிலிருந்தே தரவு எடுத்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கைப்படி, சாதாரண கார்கள் சாலையில் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடு சோதனை எண்ணைவிட 20 சதவீதம் அதிகம். ப்ளக்-இன் கார்களிலோ மூன்றரை மடங்கு. சார்ஜ் போடாமல் பெட்ரோலிலேயே ஓட்டியதுதான் பெரிய காரணம்.

இரண்டாம் கையாக வாங்குபவர்களுக்கு, குறிப்பாக அக்வாவும் பிரியஸும் வாங்கும் இலங்கை வாசகர்களுக்கு, மைலேஜ் ஒரு மருத்துவப் பரிசோதனை போல. பேட்டரி தளர்ந்தால் முதலில் தெரிவது இங்கேதான்: கோடுகள் சடசடவென்று இறங்கும், உடனே ஏறும், இன்ஜின் அடிக்கடி எழும், எண் குறையும். பின் சீட்டுக்கு அருகே பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் ஒன்று இருக்கும். அதில் தூசியும் முடியும் அடைத்தால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். பார்க்கும்போதே அந்தத் துவாரத்தில் விரல் வைத்துப் பாருங்கள். முன்னால் வைத்திருந்தவர் காரை எப்படிக் கவனித்தார் என்பது தெரிந்துவிடும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் மச்சான் இதே கேள்வியைக் கேட்டான். வாரம் இரண்டு முறை திருச்சியிலிருந்து மதுரை போய் வருகிறவன். ஊருக்குள் ஓட்டுவது மனைவியின் ஸ்கூட்டர்தான். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். அவனுக்குச் சாதாரண பெட்ரோலே போதும் என்று வந்தது. காபி கொண்டுவந்த அத்தை, "அப்போ அந்த டவுன் வேன் ஓட்டுற தம்பிக்குத்தான் இது சரிப்படும்" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க தில்லைநகருக்கும் உறையூருக்கும் நின்று நின்று போகிற அந்தத் தம்பியின் ரோட்டையும் தாளின் மிச்ச இடத்தில் போட்டுப் பார்த்தோம். அத்தை சொன்னது சரியாகத்தான் இருந்தது.